பக்கத்துப் பாறை

சோமனூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஷெர்வின் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். உனக்கு இந்தக் குளிரில் இருமல் வந்திருக்கும், வருஷா வருஷம் வருவதுதான். மடத்தில் வெந்நீர் கேட்டால் கொடுப்பார்களா, இல்லை அதையும் ஒறுத்தல் கணக்கில் சேர்த்துவிடுவார்களா?

ஜூலை முதல் தேதி சார்ஜாவில் வேலைக்குச் சேர வேண்டும். மூன்று வருட ஒப்பந்தம். லேத் பட்டறையிலிருந்து மார்ச் கடைசியில் நின்றுகொள்கிறேன். ஆக, கோடை முழுவதும் என் கையில். அருள்குமாரும் நானும் அந்த இரண்டரை மாதமும் பாறை ஏறப் போகிறோம். அவனை நீ பார்த்ததில்லை; நீ மடத்துக்குப் போன பிறகு கிடைத்த சிநேகிதன். அன்னூர்ப் பக்கம் தோட்டத்துக்காரர் அங்கப்பனின் மகன். சொட்டுநீர்க் குழாய்க் கடையில் வேலை. நான் ஏறும்போது கீழே நின்று கயிற்றைப் பிடிப்பது அவன், அவன் ஏறும்போது நான். நாலு வருடமாக அப்படித்தான்.

எங்கே போவது என்பதில்தான் சண்டை. இரண்டு பேரிடமும் சேர்த்து எழுபதாயிரம் இருக்கிறது. ஹம்பி மலிவு, ஆனால் மே மாதத்தில் அங்கே பாறை என்பது தோசைக்கல். மணாலிக்கு மேலே சேத்தன் என்று ஒரு சிற்றூர். அங்கே இருப்பவை தனித்தனி உருண்டைக் கற்கள், இரண்டு ஆள், மூன்று ஆள் உயரம். கயிறே வேண்டாம். கீழே மெத்தை போட்டு ஏற வேண்டியதுதான். விழுந்தால் கணுக்கால் பிசகும், அவ்வளவுதான். ஆனால் போகவரச் செலவிலேயே கால்வாசிப் பணம் கரைந்துவிடும். மூன்றாவது, கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் பாறை. முந்நூறடி. அது முழுக்கக் கயிற்று வேலை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடு மாத வாடகைக்குக் கிடைக்கும்.

எனக்கு மணாலி. அருளுக்கும் மணாலி. பணத்துக்குக் கோத்தகிரி. நீ சொல். மூன்று வருடம் சாயப்பட்டறை லேபில் நூலை இழுத்து அறுத்து எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்தவள் நீ. எங்கள் வீட்டில் கணக்கோடு யோசிக்கிற ஒரே ஆள்.

அன்புத் தம்பி,
ஷெர்வின்

—

சோமனூர்
26 ஜனவரி 2025

இயேசு மரி சூசை

அம்மணிக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் நல்லாருக்கறோம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வத்திருச்சு. பிளீச்சிங் பட்டறையில இப்ப ஸ்டூல் போட்டு உக்காத்தி வெச்சுட்டாங்க, சூப்பர்வைசருக்கு மருவாதி. நீ வேளைக்குச் சாப்புடறயா கண்ணு?

உன்ற தம்பி மணாலி போறங்கறான். அது எங்க இருக்குன்னு பக்கத்தூட்டு ஜெனிஷா போன்ல காட்டுனா. மேல போய்ட்டே இருக்குது. அங்க ஒண்ணு ஆச்சுன்னா நாங்க எந்த ரயிலப் புடிச்சுப் போறது? சார்ஜாவுக்கு வேற போறான். இந்த ரண்டு மாசமாச்சும் கண்ணுக்கெட்டற தூரத்துல இருக்கட்டும். நான் சொன்னா, "அம்மா, உங்களுக்கு மேட்டுப்பாளையம் தாண்டுனாலே வெளிநாடு"ங்கறான்.

உன்ற பேச்சத்தான் கேப்பான். பக்கத்துல போடான்னு நீ எழுது. நான் எழுதச் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாத.

அம்மா,
இருதயம்மாள்

—

மேட்டுப்பாளையம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ஷெர்வின்,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. இருமல் வந்தது, போய்விட்டது. வெந்நீர் கேட்காமலே தந்தார்கள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோத்தகிரி போ என்பதுதான் என் முடிவு. பணம் ஒரு காரணம். செலவழிக்காமல் மிச்சம் பிடித்தால் சார்ஜாவில் முதல் மாதத்துக்கு ஆகும். இன்னொன்று, வெகுதூரத்தில் உடம்புக்கு வந்தால் உன்னை யார் பார்ப்பார்கள்? இங்கே என்றால் மூன்று மணி நேரத்தில் வீடு. ஈஸ்டருக்கும் வந்துவிடலாம். எங்கள் காய்கறித் தோட்டத்தில் நின்றால் கோத்தகிரி மலை தெரியும். நீ அங்கே இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நினைவூட்டுகிறேன். மார்ச் ஐந்து, சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் இல்லை. எழுதவும் கூடாது, வாங்கவும் கூடாது. வருகிற உறைகளின் மேல் வாசல் சிஸ்டர் பென்சிலால் தேதி போடுவார், அவை மடத்துத் தலைவி மதரின் அலமாரிக்குள் போய்விடும். ஈஸ்டர் திங்களன்று கையில் தருவார்கள். நீ எழுதுவதை நிறுத்தாதே. மொத்தமாகப் படிப்பதும் ஒரு விருந்துதான்.

அன்புடன்,
லின்சி அக்கா

—

சோமனூர்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. கோத்தகிரி என்றே முடிவு செய்துவிட்டோம். இது யார் குரல் என்று நான் கேட்கமாட்டேன். அருள் மட்டும் படித்துவிட்டு, "உங்க அக்கா எழுத்துல உங்கம்மா வாசன அடிக்குது மாப்ள" என்றான். ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு அவனே போய் லைன் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தான்.

பெங்களூரில் பாறை ஏறும் பயிற்சிக் கூடம் ஒன்று மூடியபோது அருள் வாங்கிய கயிறு எங்களிடம் இருக்கிறது. வெள்ளை நைலான், நடுவில் ஒரு பச்சை இழை. ஒன்றரை வருடமாக அதில்தான் தொங்குகிறோம், எத்தனையோ முறை விழுந்திருக்கிறோம், நன்றாகத் தாங்குகிறது. நாங்கள் ஏறிப் பழகும் குவாரியின் மண் படிந்து செம்பழுப்பாகிவிட்டது. அதைத் தொடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "ஏண்டா, நான் தொட்டா தீட்டா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அன்றைக்கு எனக்கு ரசம் கிடைக்கவில்லை.

தவக்காலத்தில் எங்களையும் நினைத்துக்கொள்.

ஷெர்வின்

—

(உறையின் மேல் பென்சிலில்: வந்தது 24 மார்ச். அதற்குக் கீழே: கொடுத்தது 21 ஏப்ரல்.)

சோமனூர்
20 மார்ச் 2025

இயேசு மரி சூசை

அம்மணி, சொகமா? ஒரு சந்திக்குப் பட்டினி கிடந்து உடம்பக் கெடுத்துக்காத. இதை நீ ஈஸ்டருக்குத்தான் படிப்பேன்னு தெரியும். ஆனாலும் யார்கிட்டயாச்சும் சொல்லோணும்னு இருக்குது.

தம்பி பக்கத்துலயே போறான். நீ எழுதுனதுக்குப் பலன். மூணாந்தேதி கெளம்பறான். அவனோட கயித்த ஃபாதர்கிட்டக் குடுத்து மந்திரிச்சு வாங்கோணும்னு எனக்கு ஒரு ஆச. அப்பா வண்டி வாங்குனப்ப மந்திரிச்சோம், தறி வாங்குன ஊட்ல தறிய மந்திரிக்கறாங்க, புள்ள உசுரு தொங்கற கயிறு, அத மந்திரிக்க வேண்டாமா? ஆனா அந்த அழுக்கோட எப்படிப் பீடத்துல வெக்கறது? பாத்தாத் தவிட்டு மூட்டை கட்டுன கயிறாட்ட இருந்துச்சு.

அவன் பட்டறையில ராத்திரி வேலைக்குந் தங்குன அன்னிக்கு எடுத்துச் செஞ்சுபோட்டேன். பீடத்துணி துவைக்கறதுக்கு அப்பா கேன்ல கொண்டார பிளீச்சிங் தண்ணி இருந்துச்சு. முழுக் கேனையும் அண்டாவுல ஊத்தி, கயித்தச் சுருட்டி முக்கி வெச்சேன். காலைல போட்டு, அடுத்த நா காலைலதான் எடுத்தேன். அழுக்கு லேசுல போகுல. மூணு தண்ணி அலசி நெழல்ல காயப்போட்டேன். மல்லிப்பூவாட்ட ஆயிருச்சு. ஃபாதர் கூட, "புதுக் கயிறாங்க அம்மா?"ன்னு கேட்டாரு. தீர்த்தம் தெளிச்சு செபம் சொல்லிக் குடுத்தாரு.

தம்பிகிட்டச் சோப்புலதான் தொவச்சேன்னு சொன்னேன். தொட்டதுக்கே சத்தம் போடுவான். நீயும் சொல்லாத.

அம்மா

—

(உறையின் மேல் பென்சிலில்: வந்தது 9 ஏப்ரல். அதற்குக் கீழே: கொடுத்தது 21 ஏப்ரல்.)

கோத்தகிரி
5 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வந்து மூன்று நாள் ஆகிறது. லைன் வீட்டில் கரடி வரும் என்றார்கள். இதுவரை வந்தது தோட்டத்து மேஸ்திரி ரசாக் மட்டும்தான். தினமும் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, "சம்பளம் குடுத்துக்கூட எங்காளுகள இதுல ஏத்த முடியாதுங்க, நீங்க கைக்காசு போட்டு ஏறுறீங்க" என்கிறார்.

முதல் வாரம் கீழே இருக்கும் சின்னக் கற்களில்தான், கயிறில்லாமல். விரல் தேறட்டும் என்று அருள் சொல்கிறான். சனிக்கிழமை, பன்னிரண்டாம் தேதி, பெரிய பாறையின் செங்குத்து முகத்தைத் தொடுகிறோம்.

அம்மா கயிற்றைத் துவைத்துவிட்டார்கள். வெளுத்துப் போய்விட்டது, பச்சை இழை இருந்த இடமே தெரியவில்லை. கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. சுருளைப் பிரித்தபோது நீச்சல் குளத்து வாசனை வந்தது. பிளீச்சிங் நைலானுக்கு ஆகாது என்று எங்கோ படித்த ஞாபகம். கிளம்பும்போது எதில் துவைத்தீர்கள் என்று கேட்டேன். சோப்பு என்றார்கள். இன்னொரு முறை கேட்டால் பொய் சொல்கிறீர்கள் என்று சொன்னதாக ஆகும். விட்டுவிட்டேன். அருளிடம் சொல்லவில்லை. சொன்னால் புதுக் கயிறு வாங்காமல் ஏறமாட்டான், அதற்குக் கையில் பணம் இல்லை. அவன் முகர்ந்துவிட்டு, என்ன வாசனை என்றான். ஃபாதரின் தீர்த்தம் என்றேன். சிரித்துவிட்டான்.

நீ பக்கத்தில் இருந்தால் உன்னைக் கேட்டிருப்பேன். பக்கத்தில்தான் இருக்கிறாய், கீழே பார்த்தால் மேட்டுப்பாளையம் தெரிகிறது. இதை நீ படிக்கும்போது நானே வீட்டுக்கு வந்து ஈஸ்டர் பிரியாணி சாப்பிட்டு முடித்திருப்பேன்.

ஷெர்வின்

—

மேட்டுப்பாளையம்
15 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

புனித வாரத்தில் எழுத மதர் சிறப்பு அனுமதி தந்திருக்கிறார். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை மாலை செபத்துக்கு முன் மதர் என்னை அழைத்துச் சொன்னார். ஷெர்வின் விழுந்தது அறுபதடி உயரத்திலிருந்து என்றும், உடனே உயிர் போய்விட்டது என்றும் சொன்னார். நேற்று நீங்கள் அவனை அடக்கம் செய்த நேரத்தில் சிஸ்டர்கள் அனைவரும் சிற்றாலயத்தில் இருந்தோம். நாங்கள் தாண்டக்கூடாத மடத்து அடைப்பை விட்டு வெளியே வர நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வழியில்லை. ஆனால் நான் கேட்கவில்லை என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

அலமாரியில் எனக்கு இரண்டு கடிதங்கள் இருப்பதாகவும், ஒன்று ஷெர்வினுடையது என்றும் மதர் சொன்னார். வேண்டுமானால் இப்போதே தருகிறேன் என்றார். ஈஸ்டர் வரை இருக்கட்டும் என்றேன்.

அம்மா, சாப்பிடுங்கள். அப்பாவின் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
லின்சி

—

சோமனூர்
4 மே 2025

அம்மணிக்கு,

உசுரோட இருக்கறோம். ஈஸ்டர் போயி ரண்டு வாரமாச்சு. உன்ற கிட்ட இருந்து ஒரு கடுதாசியுங் காணோம். தவக்காலம் முடிஞ்சிருச்சல்லோ?

கயிறு அந்துபோச்சு. ஆராச்சும் அறுத்தாப்புல இல்ல, கல்லுல தேஞ்ச மாதிரியும் இல்ல, தானா அந்துச்சுன்னு போலீஸ்ல சொன்னாங்க. அந்தப் பையன் எவனோ கழிச்சுக் கட்டுன கயித்த வாங்கியாந்து எம்புள்ள இடுப்புல கட்டிப்போட்டான். நான் தொவச்சு மந்திரிச்சுக் குடுத்துங் காப்பாத்துல. உளுத்த கயித்துக்கு மாதாவும் என்ன பண்ணுவா. அப்பா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டாரு. கேசு போட்டிருக்கறாங்க.

போன வாரம் அந்தப் பையனோட அம்மா சாமியாத்தா வந்து வாசல்ல நின்னா. "எம்மவனும் உங்க கையில சோறு தின்னவந்தானுங்க"ன்னா. "தின்னுபோட்டுத்தான் எம்புள்ளையக் கொன்னான்"னு சொல்லிக் கதவச் சாத்திட்டேன். ரொம்ப நேரம் போகுல அவ.

நீ லேபுல இருந்தவ. நூலு எப்ப அறும் எப்ப அறாதுன்னு படிச்சவ. நீ சொல்லு. பழைய கயிறுனாலதான? நீ எழுதுனா அதக் கொண்டுபோய் வக்கீலுகிட்டக் காட்டலாம்னு அப்பா சொல்றாரு.

அம்மா

—

அன்னூர்
11 மே 2025

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நான் அருள்குமார். தாங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்களுக்கு எழுத எனக்குத் தகுதி இல்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

கயிறு நான் வாங்கியது. பில் இருக்கிறது. அன்று காலையும் அடி அடியாகக் கையில் உருவிப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது, துவைத்த கயிறு என்பதால் என்று நினைத்தேன். அவன் அறுபதடியில் கால் நழுவி இரண்டடிதான் இறங்கினான். அந்த இரண்டடிக்கு எந்தக் கயிறும் அறாது. நான் பிடித்திருந்தேன் அக்கா. கையிலிருந்து நழுவவில்லை. திடீரென்று கையில் கனம் இல்லாமல் போனது. அறுந்த முனையைத் தொட்டபோது நூல் உதிர்ந்தது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனில் கையெழுத்து. கடையில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பா தோட்டத்துக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டார், எதிரில் யாரும் வராத நேரமாக. அதெல்லாம் பெரிதில்லை. என் கையால் செத்தான் என்று உங்கள் அம்மா சொல்கிறார்கள். எனக்கே அப்படித்தான் இருக்கிறது.

கடைசியாக அவன் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டான். என்ன எழுதினான் என்று கேட்க எனக்கு உரிமை கிடையாது. ஏதாவது இருந்தால், நீங்களாகச் சொல்ல நினைத்தால் சொல்லுங்கள்.

அருள்குமார்

—

மேட்டுப்பாளையம்
26 மே 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் உங்களுக்குத் துணை நிற்கட்டும். ஐந்து வாரமாக நான் எழுதவில்லை. தவக்காலம் காரணமில்லை. நான்தான் காரணம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பழைய கயிறு என்பதால் அறவில்லை. பருத்தி பிளீச்சிங்கைத் தாங்கும், பீடத்துணி தாங்குவது அதனால்தான். நைலான் தாங்காது. பட்டறையில் ஊற்றும் அளவில் ஒரு நாள் முழுக்க ஊறினால் உள்ளுக்குள் உதிர்ந்துவிடும். மேலே பார்த்தால் புதிதுபோல இருக்கும். இதை லேபில் என் கையால் செய்து பார்த்திருக்கிறேன்.

அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். நீங்கள் எழுதி அனுப்பியிருந்தீர்கள். அந்த உறை மார்ச் 24 முதல் நான் தினமும் கடந்துபோகும் அலமாரியில் இருந்தது. அவன் விழுந்தது பத்தொன்பது நாள் கழித்து.

இன்னொன்று. மணாலியில் கயிறு வேண்டாம் என்று ஷெர்வின் எழுதியிருந்தான். அதைப் படித்த பிறகும் கோத்தகிரி போ என்று எழுதினேன். பாறையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நீங்கள் கேட்டது நினைவில் இருந்தது. அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கும் ஆசை இருந்தது.

அருள்குமார் ஒரு தவறும் செய்யவில்லை. ஷெர்வினின் கடைசிக் கடிதத்தின் நகலை இன்று அவருக்கு அனுப்புகிறேன். கயிற்றில் பிளீச்சிங் வாசனை வந்ததும், அதை அவரிடம் மறைத்ததும் அவன் கையெழுத்தில் இருக்கிறது. உங்கள் கடிதத்தை யாருக்கும் அனுப்பவில்லை. அது உங்களுடையது. அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
லின்சி

—

சோமனூர்
5 ஜூன் 2025

அன்புள்ள சிஸ்டர் மகளுக்கு,

அப்பா எழுதுவது. இதற்குமுன் நான் உனக்கு எழுதியதில்லை, அம்மா எழுதினால் போதும் என்று இருந்துவிட்டேன். கால் பரவாயில்லை. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நான் பட்டறைக்குப் போகும் வழியில் தபால்காரர் உன் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். பிரித்துப் படித்துவிட்டேன். அம்மாவிடம் கொடுக்கவில்லை.

கேனைக் கொண்டுவந்தது நான். கயிறு அண்டாவில் கிடந்ததையும் பார்த்தேன். பருத்திக் கயிறு என்று நினைத்தேன். முப்பத்தோரு வருடம் அந்தத் தண்ணீரில் நின்றவன், குனிந்து தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பல் விளக்கப் போய்விட்டேன்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய், அந்தப் பையன் மேல் எங்களுக்குச் சந்தேகம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அங்கப்பனுக்கும் போன் செய்தேன். எழுதிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டு வைத்தேன்.

அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். இப்போது தினமும் கல்லறைக்குப் போகிறாள், வந்து கொஞ்சம் சாப்பிடுகிறாள், அந்தப் பையனைத் திட்டுகிறாள், தூங்குகிறாள். திட்டுவதற்கு ஆள் இருப்பதால்தான் எழுந்து நடமாடுகிறாள். இது தெரிந்தால் எழமாட்டாள். நீ அவளுக்கு வேறு ஒரு கடிதம் எழுது. பழைய கயிறு, அதனால் அறுந்தது என்று ஒரு வரி போதும். தெய்வத்துக்குக் கொடுத்த பிள்ளையிடம் பொய் கேட்கிறேன். மன்னித்துக்கொள்.

அப்பா,
பாக்கியராஜ்

—

மேட்டுப்பாளையம்
12 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் எழுதிய முதல் கடிதம் கையில் இருக்கிறது. நலமாக இருக்கிறேன். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததற்கு நன்றி. அருள்குமாரும் எழுதியிருந்தார், திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுதிப் பார்த்தேன். ஒரு வரிதான், எழுத வந்தது. பிறகு யோசித்தேன். அந்த வரி வீட்டுக்கு வந்தால், ஸ்டேஷனில் விடுபட்டவர் நம் வீட்டில் கொலைகாரராகவே இருப்பார். அம்மா கடைவீதியில், கோயிலில், பஸ்ஸில் அதைச் சொல்வார்கள். சாமியாத்தாள் காது கேட்கச் சொல்வார்கள். நாம் இருவரும் தெரிந்தே பேசாமல் இருப்போம். அம்மா எழுந்து நடமாடுவதற்கு இன்னொரு வீட்டுப் பிள்ளையைச் செலவழிக்க முடியாது, அப்பா. அதனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இனி நான் கடிதத்திலும் எழுதப்போவதில்லை. தபாலில் போட்டால் யாராவது எடுத்து வைத்துவிடுகிறார்கள். அம்மா கேட்டது என்னிடம். நானே சொல்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குச் சந்திப்பு அறையில் ஒரு மணி நேரம் மதர் அனுமதி தந்திருக்கிறார். நடுவில் கம்பி உண்டு, கை மட்டும் நீட்டலாம். என்ன விஷயம் என்று அம்மா கேட்டால், உன் கேள்விக்குப் பதில் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று சொல்லுங்கள். அது உண்மைதான். நீங்கள் வெளியே வாசல் சிஸ்டரோடு இருங்கள். நான் கூப்பிட்டதும் உள்ளே வாருங்கள். கேனைப் பற்றியும் அண்டாவைப் பற்றியும் எனக்கு எழுதியதை அப்போது அம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். என் பங்கை முதலில் நான் சொல்லியிருப்பேன். அம்மா தனியாக நிற்கக் கூடாது.

சோமனூரிலிருந்து காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து அம்மாவை நன்றாகச் சாப்பிட வையுங்கள். திரும்பும்போது முடியாது.

உங்கள் மகள்,
லின்சி